வேர்ப் பதிவேடு யார் கையில்?

இணையப் பெயர்கள் அனைத்துக்கும் தலைமைப் பதிவேடாக இருப்பது ஒரு சிறிய கோப்பு. .காம், .ஆர்க் போன்ற பொதுப் பெயர்கள், .இன், .எல்கே போன்ற நாட்டுக் குறியீடுகள், 2012க்குப் பிறகு வந்து சேர்ந்த நூற்றுக்கணக்கான வணிகப் பெயர்கள் என ஏறத்தாழ 1,450 மேல்நிலைப் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு பெயரைப் பற்றியும் எந்த சர்வரிடம் போய்க் கேட்க வேண்டும் என்ற குறிப்பும் உடன் இருக்கும். அவ்வளவுதான். செல்பேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தின் அளவைக்கூட முழுக் கோப்பும் எட்டாது. அதில் ரகசியம் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் பதிவிறக்கிப் படிக்கலாம். இதை வேர்க் கோப்பு என்பார்கள். 1998 முதல் 2016 வரை இந்தக் கோப்பில் ஒரு வரியை மாற்றவும் அமெரிக்க வணிகத் துறையின் ஒப்புதல் வேண்டியிருந்தது.

கோப்பு எப்படிப் பயன்படுகிறது என்பதை ஓர் எளிய உதாரணத்தில் பார்க்கலாம். சேலத்தில் ஒருவர் தமிழ்நாடு அரசின் இணையதளத்தைத் திறக்க ‘டிஎன் டாட் கவ் டாட் இன்’ என்று தட்டுகிறார். அவருக்கு இணைப்பு தரும் நிறுவனத்தின் சர்வர், பெயரை வலப்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கும். ‘.இன்’ யாருடைய பொறுப்பு என்று வேர் சர்வரிடம் கேட்கும். வேர் சர்வர் இந்தியப் பதிவகத்தைக் கைகாட்டும். இந்தியப் பதிவகம் ‘கவ் டாட் இன்’ இருக்கும் இடத்தைச் சொல்லும். அங்கிருந்து ‘டிஎன்’ கிடைக்கும். வேர் சர்வர் சொன்ன பதிலை 48 மணி நேரம் வரை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பதால், அடுத்து வருகிற ஆயிரம் பேருக்காக மறுபடியும் வேர் வரை போக வேண்டியதில்லை. இணையத்தின் அன்றாடப் போக்குவரத்தில் வேருக்குள்ள பங்கு மிகச் சிறிது. ஆனால் அது தவறான பதிலைச் சொன்னால் கீழே உள்ளதெல்லாம் தவறும்.

வேர் சர்வர்கள் ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் இயங்குகின்றன. அந்தக் காலத்து விதிப்படி ஒரு பதில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும். அதற்குள் 13 முகவரிகளுக்குத்தான் இடமிருந்தது. எண்ணிக்கைக்கு வேறு காரணம் இல்லை. இவற்றை நடத்தும் 12 அமைப்புகளில் 9 அமெரிக்காவைச் சேர்ந்தவை. மற்ற மூன்றும் ஸ்வீடன், நெதர்லாந்து, ஜப்பான் நாடுகளில் உள்ளன. ‘இணையம் 13 கணினிகளில் தொங்குகிறது’ என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அது பழைய கதை. ஒவ்வொரு பெயருக்கும் பல நகரங்களில் நகல்கள் உண்டு. சென்னை உட்பட உலகெங்கும் 1,500க்கும் மேற்பட்ட இடங்களில் அவை ஓடுகின்றன. நகல் எங்கே இருக்கிறது என்பது பெரிய விஷயமல்ல. எந்த மூலத்திலிருந்து நகல் எடுப்பது, அந்த மூலத்தில் எழுதும் பேனா யாரிடம் இருக்கிறது என்பதுதான் அரசியல்.

தொடக்கத்தில் அந்தப் பேனா ஒரு அலுவலக மேசையில் இருந்தது. 1970களில் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பின் கணினிப் பெயர்கள் அனைத்தும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிய கணினிக்குப் பெயர் வேண்டுமென்றால் அலுவலக நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் இருந்தவர்கள் பட்டியலை அவ்வப்போது நகலெடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகியபோது இந்த ஏற்பாடு தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த முறை, ஒரே பட்டியலைக் கிளை கிளையாகப் பிரித்துப் பலரிடம் ஒப்படைத்தது. உச்சியில் மிஞ்சிய சிறு பட்டியலைத் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் ஜான் போஸ்டல் பார்த்துக்கொண்டார்.

போஸ்டல் எடுத்த முடிவுகளில் நாட்டுக் குறியீடுகள் பற்றியதுதான் நீண்ட நாள் நிலைத்தது. எது நாடு, எது நாடல்ல என்ற வழக்குக்குள் அவர் போகவில்லை. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு ஐஎஸ்ஓ 3166 என்ற பட்டியலை ஏற்கெனவே வைத்திருந்தது. அதில் இரண்டெழுத்துக் குறியீடு இருந்தால் இணையத்திலும் உண்டு என்று முடித்துக்கொண்டார். 1994 மார்ச்சில் வெளியான அவருடைய குறிப்பு இதை வெளிப்படையாகவே எழுதிவைத்தது. நாட்டுக் குறியீட்டை நடத்துபவர் அதன் உடைமையாளர் அல்லர், அந்தச் சமூகத்துக்காக அதைக் காப்பவர் என்பதும் அந்தக் குறிப்பில் உண்டு. பல நாடுகளில் குறியீடு முதலில் பல்கலைக்கழகக் கணினித் துறைகளின் கைக்குப் போனது. அரசுகள் விழித்துக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

பிறகு பணம் வந்தது. 1993இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, பெயர்ப் பதிவுப் பணியை நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 1995இல் கட்டணம் விதிக்க அதற்கு அனுமதி கிடைத்தது: இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர். அதுவரை கேட்டவுடன் இலவசமாகக் கிடைத்துவந்த பெயருக்கு, வேறு கடையே இல்லாத ஒரே கடையில் பணம் கட்ட வேண்டும் என்றானது. பொறியாளர்கள் கொதித்தார்கள். பெயர்கள் தங்கள் வணிகச் சின்னத்தைத் திருடுவதாக நிறுவனங்கள் தொடுத்த வழக்குகள் பெருகின. போஸ்டல் உள்ளிட்டோர் 1997இல் ஜெனீவாவை மையமாக வைத்து மாற்றுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க அரசு அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில், பெயர் நிர்வாகத்தைத் தனியார் துறைக்கு மாற்றும்படி அதிபர் கிளின்டன் வணிகத் துறைக்கு உத்தரவிட்டார்.

1998 ஜனவரி 28 அன்று நடந்தது இந்த வரலாற்றிலேயே விசித்திரமான நிகழ்ச்சி. வேர் சர்வர்களை நடத்திவந்தவர்களில், அமெரிக்க அரசின் நேரடிப் பிடிக்கு வெளியே இருந்த எட்டுப் பேருக்குப் போஸ்டல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இனி நெட்வொர்க் சொல்யூஷன்ஸின் சர்வரிலிருந்து நகலெடுக்க வேண்டாம், தம் ஆய்வு நிலையத்தின் சர்வரிலிருந்து எடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எட்டுப் பேரும் மறுபேச்சில்லாமல் மாற்றிக்கொண்டார்கள். கோப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இணையத்தில் எந்தத் தடங்கலும் இல்லை. ஆனால் உலகத்தின் பெயர்ப் பதிவேடு சில நாட்களுக்கு ஒரு தனிமனிதரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றது. வெள்ளை மாளிகையில் இணையக் கொள்கையைக் கவனித்துவந்த ஐரா மேகசினர் கடுமையாகத் தலையிட்ட பிறகு, அது ஒரு ‘சோதனை’ என்று விளக்கம் சொல்லிப் போஸ்டல் பழைய நிலைக்குத் திரும்பினார். சட்டத்தின் எந்த விதியும் அந்த எட்டுப் பேரைக் கட்டிப்போட்டிருக்கவில்லை. வேரின் அதிகாரம் என்பது, நகலெடுப்பவர்கள் யாரை நம்பி எடுக்கிறார்கள் என்பதைத் தவிர வேறில்லை என்று அந்த மின்னஞ்சல் காட்டிவிட்டது. இதற்குப் பின் வந்த அரசாங்க ஆவணம் ஒவ்வொன்றும் அந்த நம்பிக்கையை ஒப்பந்தமாக்க எழுதப்பட்டது என்றே கொள்ளலாம்.

இரண்டு நாள் கழித்து வணிகத் துறையின் வரைவுக் கொள்கையும், ஜூனில் இறுதிக் கொள்கையும் வெளியாயின. பெயர் நிர்வாகப் பொறுப்பை ஏற்க, செப்டம்பர் 30இல் ஐகான் என்ற லாப நோக்கமற்ற கழகம் கலிஃபோர்னியச் சட்டப்படி பதிவானது. அதன் தொழில்நுட்பத் தலைவராக வரவேண்டியிருந்த போஸ்டல் அக்டோபர் 16இல் காலமானார். நவம்பரில் ஐகானுக்கும் வணிகத் துறைக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. இரண்டு ஆண்டுகளில் அரசு விலகிவிடும் என்பது அன்றைய எண்ணம். விலக 18 ஆண்டுகள் பிடித்தன.

அந்த 18 ஆண்டுகளில் வேர்க் கோப்பில் ஒரு மாற்றம் மூன்று கைகளைக் கடந்தது. ஒரு நாட்டின் பதிவகம் தன் சர்வர் முகவரியை மாற்ற விரும்பினால் ஐகானிடம் விண்ணப்பிக்கும். ஐகான் சரிபார்த்து, வணிகத் துறையின் கீழுள்ள தேசியத் தொலைத்தொடர்பு, தகவல் நிர்வாக அலுவலகத்துக்கு அனுப்பும். அந்த அலுவலகம் ஒப்புதல் தந்தபின், நெட்வொர்க் சொல்யூஷன்ஸை 2000இல் வாங்கியிருந்த வெரிசைன் நிறுவனம் கோப்பைத் திருத்தி வெளியிடும். நடைமுறைப்படி எல்லாம் நடந்ததா என்று பார்ப்பது மட்டுமே தன் வேலை என்று அந்த அலுவலகம் சொல்லிவந்தது. ஊர்க் கணக்கு எழுதும் கர்ணமும் அப்படித்தான் சொல்வார். பட்டாவில் பெயர் ஏற வேண்டியவருக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்பது தெரியும். ஈரானோ கியூபாவோ தன் குறியீட்டில் ஒரு சர்வரை மாற்ற வேண்டுமென்றாலும் அந்தத் தாள் வாஷிங்டன் வழியாகத்தான் போக வேண்டும்.

ஒப்புதலைப் பிடித்துவைப்பது ஒரு வகை. பிடித்துவைக்காமலே செல்வாக்குச் செலுத்துவது இன்னொரு வகை. ஆபாசத் தளங்களுக்கென .எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்ற பெயரைத் தர 2005 ஜூனில் ஐகான் முன்வந்தது. அமெரிக்காவின் மதச்சார்பு அமைப்புகளிடமிருந்து வணிகத் துறைக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. முடிவைத் தள்ளிவைக்கும்படி துறை ஆகஸ்டில் ஐகானுக்கு எழுதியது. மறு ஆண்டு ஐகான் விண்ணப்பத்தை நிராகரித்தது. நடுவர் குழு விண்ணப்பதாரர் பக்கம் தீர்ப்பளித்த பின்னர் 2011இல்தான் அந்தப் பெயர் வேரில் ஏறியது. இந்த விவகாரத்தில் மற்ற அரசுகள் பலவும் அப்பெயரை எதிர்த்தன என்பதால், குற்றம் முழுவதையும் வாஷிங்டன் தலையில் வைப்பது சரியாகாது. ஆனாலும் ஒரே ஒரு அரசின் கடிதத்துக்கு மட்டும் தனி எடை இருந்தது என்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

உலகத் தகவல் சமுதாய உச்சி மாநாடு 2003இல் ஜெனீவாவிலும் 2005 நவம்பரில் துனிஸிலும் கூடியபோது இதுவே பெரிய சண்டையானது. இந்தியாவின் நிதின் தேசாய் தலைமையில் ஐ.நா. அமைத்த குழு நான்கு மாற்று ஏற்பாடுகளை முன்வைத்தது. தன் பங்கை விடப்போவதில்லை என்று 2005 ஜூன் 30இல் அமெரிக்கா முன்கூட்டியே அறிவித்துவிட்டது. துனிஸில் கிடைத்தது பேச ஒரு மேடை மட்டுமே: ஆண்டுதோறும் கூடும் இணைய ஆளுகை மன்றம். அதன் 2008ஆம் ஆண்டுக் கூட்டம் ஹைதராபாத்தில் நடந்தது. 2011இல் இந்தியா ஐ.நா. பொதுச்சபையில், 50 நாடுகள் கொண்ட இணையக் கொள்கைக் குழு வேண்டும் என்று முன்மொழிந்தது. உள்நாட்டிலேயே எதிர்ப்புக் கிளம்பியது. 2015இல் பியூனஸ் ஏர்ஸில் நடந்த ஐகான் கூட்டத்தில், அரசுகள், நிறுவனங்கள், பயனர்கள் எல்லோரும் சேர்ந்து நடத்தும் முறையையே ஆதரிப்பதாக இந்தியா அறிவித்தது. நாலே ஆண்டுகளில் இவ்வளவு பெரிய திருப்பம்.

அமெரிக்காவை அசைத்தது துனிஸ் அல்ல. 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட அமெரிக்க ஒட்டுக்கேட்பு ஆவணங்களுக்கும் வேர்க் கோப்புக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் அமெரிக்காவை நம்பி ஒப்படைக்கலாம் என்ற வாதம் அதோடு தளர்ந்தது. அக்டோபரில் மான்டிவிடியோவில் கூடிய இணையத் தொழில்நுட்ப அமைப்புகளின் தலைவர்கள், ஐகானும் சேர்ந்து, இந்தப் பணியை உலகமயமாக்கும் வேலையை விரைவுபடுத்தச் சொன்னார்கள். 2014 மார்ச் 14இல் வணிகத் துறை விலகுவதாக அறிவித்தது. ஒரு நிபந்தனையும் விதித்தது: தன் இடத்தில் வேறொரு அரசோ அரசுகளின் கூட்டமைப்போ வரக்கூடாது.

அடுத்த இரண்டு ஆண்டுகள் வரைவுகளிலும் தொலைபேசிக் கூட்டங்களிலும் கழிந்தன. 2016 மார்ச்சில் ஐகானின் மராக்கேஷ் கூட்டத்துக்குப் பின் திட்டம் வாஷிங்டனுக்குப் போனது. இணையத்தை ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் தாரைவார்ப்பதாக செனட்டர் டெட் குரூஸ் முழங்கினார். அரிசோனா, ஓக்லஹோமா, நெவாடா, டெக்சாஸ் ஆகிய நான்கு மாநிலங்கள் டெக்சாஸின் கால்வெஸ்டன் நீதிமன்றத்தில் கடைசி நேரத் தடை கேட்டன. செப்டம்பர் 30 அன்று நீதிபதி மறுத்தார். அன்று நள்ளிரவில் ஒப்பந்தம் காலாவதியானது; யாரும் எதையும் கையெழுத்திட வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையில் கோப்பு வழக்கம்போல் வெளியானது. மூன்று கைகளில் நடுக்கை மட்டும் இல்லை.

நடுக்கை போன இடத்தில் நம்பிக்கையைத் தாங்குவது எது என்று பார்க்க வேண்டுமானால், கலிஃபோர்னியாவின் எல் செகுண்டோவிலும் வர்ஜீனியாவின் கல்பெப்பரிலும் ஆண்டுக்கு நான்கு முறை நடக்கும் சாவிச் சடங்கைப் பார்க்க வேண்டும். வேர்க் கோப்பு 2010 ஜூலை முதல் மின்கையொப்பத்தோடு வெளியாகிறது. கையொப்பத்தின் தலைமைச் சாவி இவ்விரண்டு இடங்களிலும் பெட்டகத்துக்குள் இருக்கிறது. பெட்டகத்துக்குள்ளிருக்கும் கருவியை இயக்கும் அட்டைகள், இடத்துக்கு ஏழு பேராக, பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்களின் பொறுப்பில் உள்ள சிறு பெட்டிகளில் இருக்கும். குறைந்தது மூன்று பேர் வந்தால்தான் வேலை நடக்கும். வன்வட்டே இல்லாத மடிக்கணினியை மேசையில் வைப்பார்கள். வெரிசைன் பிரதிநிதி, தாம் கொண்டுவந்த கோப்பின் அடையாள எண்ணைச் சொற்களாக மாற்றி ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார். மற்றவர்கள் திரையோடு ஒத்துப்பார்ப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் நேரம் குறித்து ஒப்பமிடுவார்கள். அத்தனையும் நேரலையில் ஒளிபரப்பாகும். பார்ப்பதற்கு இதைவிடச் சலிப்பான நிகழ்ச்சி இருக்க முடியாது, அதுதான் அதன் பலம். 2020 பிப்ரவரியில் எல் செகுண்டோவில் ஒரு பெட்டகத்தின் பூட்டு திறக்கவில்லை. பூட்டுக்காரரை வரவழைத்துத் துளையிட்டுத் திறந்த பின்னரே சடங்கு சில நாள் தள்ளி நடந்தது. ஏப்ரலில் பெருந்தொற்றால் யாரும் பயணம் செய்ய முடியாமல் போனபோது, குறைந்த ஆட்களைக் கொண்டு 9 மாதங்களுக்குத் தேவையான கையொப்பங்களை மொத்தமாகப் போட்டுவைத்தார்கள்.

வேரை ஆயுதமாக்கும் முயற்சிகள் இதுவரை பலிக்கவில்லை. பயங்கரவாதத் தாக்குதல்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்கள், ஈரான் மீது அமெரிக்க நீதிமன்றங்களில் இழப்பீட்டுத் தீர்ப்பு பெற்றிருந்தன. அந்தத் தொகைக்கு ஈடாக .ஐஆர் குறியீட்டை ஜப்தி செய்ய 2014இல் கேட்டன. அமெரிக்க அரசே ஐகான் பக்கம் நின்றது. 2016 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தது. 2022 பிப்ரவரி 28இல் உக்ரைனின் துணைப் பிரதமர் மிகைலோ ஃபெடரோவ், .ஆர்யூ உள்ளிட்ட ரஷ்யக் குறியீடுகளை ரத்துசெய்யும்படி ஐகானுக்கு எழுதினார். நாட்டின் மீது குண்டு விழும்போது எழுதிய கடிதம் அது. எந்தப் பக்கமும் சாராமல் பதிவேட்டைக் காப்பதே தன் வேலை என்று சில நாட்களில் பதில் போனது. ரஷ்யா அதற்கு முன்பே, 2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் மூலம், உலக வேரிலிருந்து துண்டிக்கப்பட்டாலும் உள்நாட்டில் பெயர்கள் இயங்கத் தனிப் பெயர் அமைப்பு ஒன்றுக்கு வழிசெய்திருந்தது. மறுப்பு எழுதிய கை நாளை மாறலாம் என்று கணக்குப் போடும் அரசுகள் எல்லாப் பக்கத்திலும் உண்டு.

நாட்டுக் குறியீடுகளின் பட்டியலும் உறைந்து நிற்கவில்லை. யூகோஸ்லாவியாவின் .ஒய்யூ 2010இல் நீக்கப்பட்டது. சோவியத் ஒன்றியம் மறைந்து 30 ஆண்டுகளுக்கு மேலாகியும் .எஸ்யூ உயிரோடிருக்கிறது. சாகோஸ் தீவுகளை மொரிஷியஸுக்குத் தர பிரிட்டன் 2025 மே 22இல் ஒப்பந்தம் செய்தது. அந்தத் தீவுகளின் குறியீடான .ஐஓ தொழில்நுட்ப நிறுவனங்களின் செல்லப்பெயர். ஐஎஸ்ஓ பட்டியலிலிருந்து அது நீங்கினால், விதிப்படி ஐந்தாண்டு அவகாசத்தோடு மூடப்பட வேண்டும், நீட்டித்தாலும் மொத்தம் பத்தாண்டுதான். பதினைந்தாயிரம் பேர் வாழும் அங்குவிலாவுக்கோ அதிர்ஷ்டம் வேறு விதம்: அதன் குறியீடு .ஏஐ.

எழுத்து விஷயத்திலும் அரசின் சொல்லே நுழைவுச்சீட்டு. 2009 அக்டோபர் 30இல் சியோலில் ஐகான் ஏற்ற திட்டத்தின்படி, ஒரு மொழி அந்த நாட்டின் நிர்வாக மொழியாக இருந்தால்தான் அதன் எழுத்தில் நாட்டுக் குறியீடு கிடைக்கும். அப்படித்தான் 2010இல் .இலங்கை, அடுத்த ஆண்டு .சிங்கப்பூர், .இந்தியா ஆகியவை தமிழ் எழுத்திலேயே வேரில் ஏறின. மலேசியாவில் தமிழ்ப் பள்ளிகளும் நாளிதழ்களும் இருந்தும் தமிழில் நாட்டுக் குறியீடு இல்லை. மலாய் மொழிக்கான ஜாவி எழுத்தில் மட்டும் உண்டு. நாட்டுக் குறியீடு அல்லாத பொதுப் பெயர்களுக்குத் தமிழ் எழுத்தை அனுமதிக்கத் தனி விதிகள் வேண்டியிருந்தன. ஒன்பது இந்திய எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்த நியோ பிராமி குழு அவற்றை வகுத்தது. ‘ஔ’ என்ற ஓர் எழுத்தும் ‘ஒள’ என்ற இரண்டெழுத்தும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு வேறு வேறு. ஏமாற்றுத் தளங்களுக்கு இந்த இடுக்கு போதும்.

அமெரிக்க அரசு விலகியது வேரிலிருந்துதான். கிளைகளில் அதன் பிடி தளரவில்லை. .காம் பதிவகமான வெரிசைன் வர்ஜீனியாவில் இருக்கிறது. 15 கோடிக்கும் மேற்பட்ட .காம் பெயர்களில் எதுவும், அதை வாங்கியவர் எந்த நாட்டில் இருந்தாலும், அமெரிக்க நீதிமன்றத்தின் ஓர் உத்தரவுக்கு எட்டும். ரோஹாதிரெக்தா என்ற விளையாட்டுத் தளம் சட்டவிரோதமல்ல என்று ஸ்பெயின் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தும், 2011இல் அதன் .காம், .ஆர்க் பெயர்களை அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றினார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துத் திருப்பித் தந்தார்கள். 2012இல் போடாக் என்ற பந்தயத் தளத்தின் பெயர் கனடாவில் உள்ள பதிவாளரிடம் வாங்கப்பட்டிருந்தது. மேரிலாந்தில் வழக்குத் தொடுத்தவர்கள் அந்தப் பதிவாளரைத் தேடிப் போகவே இல்லை. உத்தரவு நேராக வெரிசைனுக்குப் போனது.

கலிஃபோர்னியாவுக்கும் தனிப் பிடி உண்டு. .ஆர்க் பதிவகத்தை ஈதோஸ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கப்போவதாக 2019 நவம்பரில் அதன் உடைமையாளரான இன்டர்நெட் சொசைட்டி அறிவித்தது. தொண்டு நிறுவனங்களின் எதிர்ப்பு மாதக்கணக்கில் நீடித்தும் ஐகான் முடிவெடுக்காமல் இழுத்தது. 2020 ஏப்ரல் 15இல் கலிஃபோர்னிய அரசுத் தலைமை வழக்கறிஞரின் கடிதம் வந்தது; ஐகான் அந்த மாநிலத்தில் பதிவான பொதுநலக் கழகம் என்பதால் அவர் அதைக் கேள்வி கேட்க முடியும். ஏப்ரல் 30இல் ஐகான் விற்பனைக்கு ஒப்புதல் மறுத்தது.

விலையிலும் வாஷிங்டனின் பிடி தெரிகிறது. வேர் பற்றி ஐகானோடு இருந்த ஒப்பந்தம் 2016இல் முடிந்தாலும், வணிகத் துறைக்கும் வெரிசைனுக்கும் இடையிலான கூட்டுறவு ஒப்பந்தம் தனியாகத் தொடர்கிறது. 1993இல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸோடு தொடங்கிய அதே ஒப்பந்தம்தான். 2012இல் அது .காம் பெயரின் மொத்தவிலையை 7.85 டாலரில் நிறுத்தியது. 2018இல் செய்த திருத்தம், ஒவ்வொரு ஆறு ஆண்டிலும் கடைசி நான்கு ஆண்டுகளில் 7 சதவீதம் வரை ஏற்ற அனுமதித்தது. வெரிசைன் நான்கு முறையும் ஏற்றியதில் 2024 செப்டம்பரில் விலை 10.26 டாலரானது. அந்த நவம்பரில் ஒப்பந்தம் இன்னொரு ஆறாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த தவணை 2030 நவம்பர் 30.